விறைப்பில் பிறக்கும் இதம்

உடையை இடுப்பில் நிறுத்துவதற்காக அணியப்படும் பெல்ட்டின் மீது ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பொருள் ஒன்று ஏற்றப்பட்டதுமே, அது உடையின் துணைப்பொருள் என்ற நிலையை விட்டு, கூரையின் சுமையைத் தாங்கும் உத்திரத்துக்கு உறவான ஒரு பொறியியல் உறுப்பாகிவிடுகிறது. ஹோல்ஸ்டர் எனப்படும் உறையில் கைத்துப்பாக்கியை இட்டு நாள் முழுவதும் சுமக்கும் காவலர்களும், அவ்வாறு சுமக்கச் சட்டம் இடம் தரும் அமெரிக்காவில் துப்பாக்கியோடு வெளியே செல்லும் குடிமக்களும், எந்தத் துப்பாக்கி, எந்த உறை என்று நெடுநேரம் ஆராய்ந்த பிறகும் அவை இரண்டையும் தாங்கும் வாரைப் பற்றிப் பெரும்பாலும் கடைசியில்தான் எண்ணுகிறார்கள். மாலையில் இடுப்பெலும்பின் மேல் எரியும் வலிக்கும், வெளிப்புறம் சாய்ந்து சட்டையைத் துருத்திக்கொண்டு நிற்கும் பிடிக்கும், நடக்க நடக்கக் கீழிறங்கும் கால்சட்டைக்கும் துப்பாக்கியின் எடையே காரணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டாலும், அதே எடையை அதே உடலில் வேறொரு பெல்ட் வலியின்றித் தாங்கிவிடுகிறது. மென்மையான பொருளே உடலுக்கு இதமானது என்ற எண்ணம் தலையணைக்குப் பொருந்தினாலும் சுமைதாங்கும் பெல்ட்டுக்குப் பொருந்துவதில்லை. இங்கே இதம் என்பது விறைப்பிலிருந்து வருகிறது. இந்த முரண் ஏன் முரணே அல்ல என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலும், விலங்குத் தோலின் நுண்ணமைப்பும், மனித இடுப்பின் வடிவமும் சேர்ந்து விளக்குகின்றன.

முதலில் சுமையின் அளவைக் கண்டுகொள்ள வேண்டும். ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்றுக்கொண்டதும் இன்று பல நாடுகளின் காவலர் இடுப்பில் காணப்படுவதுமான க்ளாக் 17 என்ற துப்பாக்கி, பாலிமர் சட்டகம் கொண்டதாயினும், 17 தோட்டாக்களை நிரப்பிய பிறகு 900 கிராமைச் சற்றே தாண்டுகிறது. முழுவதும் எஃகால் ஆன பழைய கோல்ட் 1911 வகை, தோட்டா இல்லாமலேயே 1.1 கிலோ எடை கொண்டது. உறையின் எடையையும் சேர்த்தால் ஒரு கிலோ என்பது நியாயமான சராசரிக் கணக்கு. இது சாதாரணக் குடிமகன் சுமப்பது. சீருடை அணிந்த அமெரிக்கக் காவலரின் பெல்ட்டில் இதற்கு மேலும் இரண்டு தோட்டாப் பெட்டிகள், கைவிலங்கு, வாக்கி டாக்கி, தடி, டார்ச் விளக்கு, மின்னதிர்ச்சிக் கருவி எல்லாம் ஏறிக்கொள்வதால் மொத்தச் சுமை பல நேரங்களில் 7 முதல் 9 கிலோ வரை எட்டிவிடுகிறது. கால்சட்டையில் பெல்ட் கோக்கும் வளையங்களே அண்மைக் காலத்து வழக்கம் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. லீவைஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற ஜீன்ஸில் அவற்றைச் சேர்த்தது 1922-இல்தான். அதுவரை தோளில் மாட்டும் பட்டைகளே பெரும்பாலும் கால்சட்டையைத் தாங்கின. அந்த மெல்லிய துணி வளையங்களும் அவற்றுக்கு ஏற்ற மெல்லிய வாரும் ஒரு கிலோ எடையை எதிர்பார்த்து உருவானவை அல்ல.

அந்த எடை பெல்ட்டைக் கீழ்நோக்கி இழுப்பதோடு நின்றுவிட்டால் சிக்கல் எளிது. ஆனால் துப்பாக்கி பெல்ட்டுக்கு நேர் கீழே இல்லாமல் அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதால், அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய ஈர்ப்பு மையம் பெல்ட்டின் தளத்திலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி அமைகிறது. நீட்டிய கையின் நுனியில் வாளியைத் தூக்குபவரின் தோள் படும் பாட்டை ஒத்த விளைவு இங்கே சிறிய அளவில் நிகழ்கிறது. விசையையும் அது செயல்படும் தூரத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அளவை இயற்பியலில் திருப்புத்திறன் என்பர். 100 கிராம் பொருளின் எடை ஏறத்தாழ ஒரு நியூட்டன் என்பதால், ஒரு கிலோ துப்பாக்கி 10 நியூட்டன் விசையோடு 0.3 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனைப் பெல்ட்டின் மீது ஓயாமல் செலுத்துகிறது. இதன் விளைவாகப் பெல்ட்டின் மேல்விளிம்பு உடலை விட்டு வெளியே விலகவும் கீழ்விளிம்பு உடலுக்குள் அழுந்தவும் முயல்கின்றன. 38 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டில் இந்த இணை விசைகள் ஒவ்வொன்றும் தோராயமாக 8 நியூட்டன். அலுவலகத்துக்கு அணியும் 25 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டிலோ அதுவே 12 நியூட்டனாக உயர்கிறது. நவீனத் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் பிடிக்குள் அடுக்கப்படுவதால், உறையில் இருக்கும்போது பெல்ட்டுக்கு மேலே எழுந்து நிற்கும் அந்தப் பகுதியே கனம் மிகுந்ததாகிறது. தலை கனத்த பொருள் சாய விரும்புவது இயல்பு. அதைச் சாயவிடாமல் நிறுத்தும் வேலை பெல்ட்டினுடையது.

இந்த வேலையைச் செய்யும் திறனை முறுக்க விறைப்பு என்று குறிப்பிடலாம். ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஒரு வாரின் இரு முனைகளையும் எதிரெதிராகத் திருப்பும்போது அது காட்டும் எதிர்ப்பே முறுக்க விறைப்பாகும். அகலமான மெல்லிய பட்டை ஒன்றின் முறுக்க விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்க, தடிமனுக்கோ அதன் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பது பொருள்வலிமை இயலின் அடிப்படை முடிவுகளில் ஒன்று. மும்மடி என்ற அந்தச் சொல்லில்தான் பெல்ட் தேர்வின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணத் தோல் வாருக்குப் பதிலாக அதே தோலில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வாரை எடுத்தால், தடிமன் இரு மடங்குகூட ஆகாதபோதும் விறைப்பு நாலரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இரண்டு அடுக்குத் தோலைச் சேர்த்துச் செய்யும் பெல்ட்டுகளில் பசையும் தையலும் எவ்வளவு முக்கியம் என்பதையும் இதே விதி சொல்கிறது. 2.5 மில்லிமீட்டர் தோல்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே கிடந்து, வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்குமானால், அவற்றின் விறைப்பு ஒற்றைத் தோலைப் போல் இரண்டு மடங்கு மட்டுமே. வழுக்க முடியாதபடி அவை முழுப் பரப்பிலும் ஒட்டப்பட்டு ஓரங்களில் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தால் எட்டு மடங்கு. விளிம்புத் தையல் அழகுக்காகப் போடப்படுவது என்று எண்ணுவோர் பலர். நல்ல பெல்ட்டில் அது ஒட்டுப்பலகையின் பசையைப் போல் அடுக்குகளைக் கட்டிப்போடும் வேலையைச் செய்கிறது.

இனி, விறைப்பான வார் உடலுக்கு இதமாக இருப்பது எப்படி என்பதைப் பார்க்கலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஆணியின் கூர்முனை குத்துவதும் தலைப்பக்கம் குத்தாததும் இதனால்தான். மெல்லிய பெல்ட்டில் தொங்கும் துப்பாக்கி, அந்தப் பெல்ட்டைத் தான் இருக்கும் இடத்தில் மட்டும் முறுக்கி வளைத்துவிடுவதால், எடை முழுவதும் உள்ளங்கை அளவு இடத்தில், அதிலும் கீழ்விளிம்பின் ஒரு கோட்டில் குவிகிறது. விறைப்பான பெல்ட்டோ உறைக்கு இருபுறமும் நீண்டு கிடக்கும் தன் பகுதிகளையும் சுமையில் பங்குகொள்ள வைத்து, அதே எடையை இடுப்பின் சுற்றளவில் பரப்பிவிடுகிறது. மெல்லிய பெல்ட்டை அணிந்தவர் துப்பாக்கி சாயாமலிருக்கத் தன்னையறியாமல் செய்யும் மற்றொரு செயலும் உண்டு: அவர் பெல்ட்டை இறுக்குகிறார். அப்போது விறைப்பின் குறையை இழுவிசையால் ஈடுகட்ட முயல்கிறார், அதற்கான விலையை உடல் கொடுக்கிறது.

அந்த விலையையும் கணக்கிட்டுக் காட்டலாம். வளைந்த பரப்பைச் சுற்றி இழுக்கப்பட்ட வார், தன் இழுவிசையை வளைவின் ஆரத்தாலும் வாரின் அகலத்தாலும் வகுத்த அளவுக்கு அந்தப் பரப்பை அழுத்துகிறது. இடுப்பு ஒரு முழு வட்டம் அன்று. முன்புறமும் பின்புறமும் தட்டையாகவும் பக்கங்களில் கூடுதல் வளைவோடும் அமைந்த நீள்வட்டம் அது. இரண்டு கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற 20 நியூட்டன் இழுவிசையில் 38 மில்லிமீட்டர் பெல்ட்டை இறுக்கினால், ஆரம் 15 சென்டிமீட்டராக உள்ள தட்டையான இடத்தில் அழுத்தம் சுமார் 26 மில்லிமீட்டர் பாதரசமாகவும், ஆரம் 8 சென்டிமீட்டராகக் குறுகும் பக்கவாட்டில் சுமார் 49 மில்லிமீட்டராகவும் அமையும். 25 மில்லிமீட்டர் பெல்ட்டிலோ பக்கவாட்டு அழுத்தம் 75 மில்லிமீட்டரைத் தொடுகிறது. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் இரத்தம் நுழையும் முனையில் உள்ள அழுத்தத்தை 1930-இல் லாண்டிஸ் என்ற உடலியல் அறிஞர் அளந்தபோது அது சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று கண்டார். அந்த எண்ணைத் தாண்டினாலே திசு கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது, உடல் அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. என்றாலும் மணிக்கணக்கில் அதைத் தாண்டி நிற்கும் அழுத்தத்தின் கீழ் தோல் சிவப்பதும் மரத்துப்போவதும் ஏன் என்பதற்கு அது நல்ல விளக்கம். துப்பாக்கி உறை வழக்கமாக அமரும் இடம், இடுப்பின் வளைவு மிகுந்த பக்கவாட்டுப் பகுதிதான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அழுத்தத்தின் விளைவு இரத்த ஓட்டத்தோடு முடிவதில்லை. இடுப்பெலும்பின் முன்மேல் முனைக்கு அருகே, தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு ஒன்று கவட்டின் குறுக்கே ஓடும் இணைப்புநாரின் அடியில் நுழைந்து வெளிவருகிறது. பெல்ட்டோ அதில் தொங்கும் கருவியோ அந்த இடத்தை இடைவிடாமல் அழுத்தினால், தொடையின் வெளிப்பக்கத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் மரப்பும் தோன்றும். வலி தொடையில் இருந்தாலும் காரணம் இடுப்பில் இருப்பதால், பாதிக்கப்பட்டவர் நெடுநாள் தவறான இடத்தில் மருந்து தேடுவதும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட், ருஷ்ய மருத்துவர் ரோத் ஆகிய இருவரும் 1895-இல் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். தொடை, வலி என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்கு மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்ற பெயர் அமைந்தது. கருவிகள் நிறைந்த பெல்ட் அணியும் காவலரிடமும் படைவீரரிடமும் இது இன்றும் காணப்படுகிறது. அங்கே செய்ய வேண்டிய முதல் காரியம் பெல்ட்டைத் தளர்த்துவதும் கருவிகளை அந்த முனையிலிருந்து விலக்கி வைப்பதும்தான்.

இடுப்பெலும்பு பகை மட்டும் அன்று. சுமைக்கு அதைவிட நல்ல துணையும் உடலில் இல்லை. பெல்ட்டைக் கீழே விழாமல் நிறுத்துவது உராய்வு மட்டுமே என்று வைத்துக்கொண்டால், தேவையான இறுக்கம் சுமையோடு நேர்விகிதத்தில் ஏறும். ஒரு கிலோ துப்பாக்கிக்குப் போதுமான இறுக்கத்தைப் போல் எட்டு மடங்கு இறுக்கம் எட்டுக் கிலோ சுமக்கும் காவலருக்கு வேண்டியிருக்கும், ஓடும்போது உடல் மேலும் கீழும் அதிர்வதால் அதுவும் போதாமல் போகும். நல்லவேளையாக, இடுப்பின் இருபுறமும் எலும்பின் மேல்விளிம்பு ஒரு திண்ணையைப் போல் அகன்று நிற்கிறது. மலையேறுவோரின் முதுகுப்பைகளில் தடித்த இடுப்புப் பட்டை அமைக்கப்படுவது இந்தத் திண்ணையின் மேல் சுமையை இறக்கி வைப்பதற்காகத்தான். அகலமும் விறைப்பும் உள்ள பெல்ட் அதன் மேல் ஏறி அமர்கிறது; மெல்லிய பெல்ட் மடிந்து சுருண்டு வழுக்கி இறங்குகிறது. அதனால் அகலத்தைப் பற்றிய கேள்விக்கு, கால்சட்டையின் வளையங்கள் இடம் தரும் அளவுக்கு அகலமானது என்பதே நேரான விடை. சாதாரண உடையோடு அணிவோருக்கு ஒன்றரை அங்குலமான 38 மில்லிமீட்டர் வழக்கமான அளவாகவும், சீருடைக்கு மேல் அணியும் காவலர் பெல்ட்டுக்கு இரண்டேகால் அங்குலமான 57 மில்லிமீட்டர் வழக்கமான அளவாகவும் நிலைபெற்றிருப்பதற்கு இந்த உடலமைப்பே அடிப்படை. இடை குறுகி இடுப்பு விரிந்த உடலில், குறிப்பாகப் பெண்கள் பலரிடம், நேராக வெட்டிய வாரின் மேல்விளிம்பு உடலைத் தொடாமல் நின்று துப்பாக்கியின் பிடியை விலாவை நோக்கித் தள்ளிவிடுகிறது. அவர்களுக்கென்று இலேசான வில்போல் வளைத்து வெட்டிய பெல்ட்டும், உறையைச் சற்றுக் கீழே இறக்கி வைக்கும் இணைப்பும் கிடைக்கின்றன. ஆண் உடலை அளவுகோலாகக் கொண்டு நெடுங்காலம் உருவாக்கப்பட்ட கருவிகளைப் பெண் காவலர்களிடம் அப்படியே கொடுத்தது, அவர்கள் அனுபவிக்க வேண்டியிராத வலியை அவர்கள் மேல் சுமத்திய செயல் என்று கண்டித்தே சொல்ல வேண்டும்.

தடிமன் கூடக்கூட நன்மை என்றால் 10 மில்லிமீட்டர் பலகையைக் கட்டிக்கொள்ளலாமே என்ற கேள்வி இங்கே எழுவது இயற்கை. முறுக்கத்தை எதிர்க்கும் அதே மும்மடி விதிதான் பெல்ட் இடுப்பைச் சுற்றி வளைவதையும் எதிர்க்கிறது என்பதால், எல்லையில்லாத விறைப்பு உடலோடு ஒட்டாத வளையமாகி வேறு வகையில் குத்தும். சுற்றி வளைவதற்கு இணங்கவும் வேண்டும், முறுக்குவதற்கு மறுக்கவும் வேண்டும். இந்த இரட்டைத் தேவையை மனிதர் செயற்கைப் பொருள்களில் அரும்பாடுபட்டு அமைப்பதற்கு நெடுங்காலம் முன்பே தோல் நிறைவேற்றிவிட்டது. அதன் இரகசியம் பாகுமீட்சித் தன்மை எனப்படும் பண்பில் இருக்கிறது. ரப்பரைப் போல் இழுத்து விட்டால் மீளும் தன்மையும், தேனைப் போல் மெல்ல மெல்ல ஓடி வடிவம் மாறும் தன்மையும் ஒரே பொருளில் கலந்திருப்பதை இச்சொல் குறிக்கிறது. திடீரென்று வரும் விசைக்கு அத்தகைய பொருள் விறைத்து நிற்கும். நாள்கணக்கில் நீடிக்கும் விசைக்கு ஊர்வு எனப்படும் மெதுவான நகர்வால் இணங்கிக் கொடுக்கும். உடலின் வெப்பமும் வியர்வையின் ஈரமும் அந்த ஊர்வை விரைவுபடுத்துவதால், புதிதில் பலகையாய் நின்ற தடித்த தோல் பெல்ட் சில வாரங்களில் அணிபவரின் இடுப்பு வளைவையே தன் இயல்பான வடிவமாக்கிக்கொள்கிறது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும்போதும் குனிந்து எழும்போதும் ஏற்படும் கணநேர முறுக்கத்தை மட்டும் அது முன்போலவே எதிர்த்து நிற்கிறது. பழக வேண்டிய அந்தச் சில வாரங்களின் சங்கடத்தைக் கண்டு நல்ல பெல்ட்டைக் கழற்றி எறிந்தவர்கள், அது தங்கள் உடலைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதைக் கைவிட்டவர்கள்.

இந்தப் பண்பு தோலுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி சென்னைக்கு அழைத்துச் செல்கிறது. மாட்டுத்தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அதன் மூலக்கூறு மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிற்றைப் போன்றது என்ற கருத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சர் இதழில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதை மேலும் செம்மைப்படுத்தினர். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமர்ந்திருப்பதால்தான் மூன்று இழைகளும் இவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது என்பதை அந்த வடிவம் தெளிவாக்கியது. அக்கயிறுகள் சேர்ந்து நுண்ணிழையாகி, நுண்ணிழைகள் சேர்ந்து நாராகி, நார்கள் பாய் பின்னியதுபோல் முப்பரிமாணத்தில் ஒன்றோடொன்று புகுந்து செல்வதே உட்தோல். விசைக்கு மீள்வது முறுக்கிய இழைகளின் வேலை. மெல்ல ஊர்வது நார்கள் ஒன்றையொன்று உரசி நகர்வதன் விளைவு. முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் இந்தப் பின்னல் அடர்த்தியாகவும், வயிற்றுப் பகுதியில் தளர்ந்தும் இருக்கிறது. கனத்தைத் தாங்க வேண்டிய வாரை முதுகுப் பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்ட வேண்டும் என்று தோல் தொழிலாளர்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததன் அறிவியல் இதுதான்.

பச்சைத் தோலை அழுகாத தோலாக்கும் பதனிடுதலில் இரண்டு பெருவழிகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில்முறைக்கு வந்த குரோமிய உப்புப் பதனிடுதல் மென்மையும் நீட்சியும் உள்ள தோலைத் தருகிறது. கைப்பைக்கும் காலணியின் மேற்பகுதிக்கும் அது சிறந்தது. மரப்பட்டையிலும் காயிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளைக் கொண்டு பதனிடும் பழைய முறையிலோ, டானின் மூலக்கூறுகள் கொலாஜன் நார்களைப் பிணைப்பதோடு அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் நிரப்பிவிடுவதால், தோல் தடித்து விறைப்பாகி, ஈரத்தில் கொடுத்த வடிவத்தைக் காய்ந்த பிறகும் காத்துக்கொள்கிறது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தமிழகத்தில் பதனிடப்பட்டு, கிழக்கிந்தியத் தோல் என்ற வணிகப் பெயரோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய தோல் இந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தது. துப்பாக்கி பெல்ட்டுக்கு உகந்ததும் இதுதான். இதற்கு ஒரு குறையும் உண்டு: டானினின் அமிலத்தன்மையும் தோலில் தங்கும் ஈரமும் உலோகத்துக்கு ஆகாதவை என்பதால், பித்தளைத் தோட்டாக்களை நெடுநாள் தோல் வளையங்களில் செருகி வைத்தால் பச்சைக் களிம்பு படிகிறது. தோலின் தடிமனை அமெரிக்க வணிகர் அவுன்ஸ் கணக்கில் சொல்வது வழக்கம். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டர், எட்டு அவுன்ஸ் தோல் இரண்டை ஒட்டித் தைத்தால் 6.4 மில்லிமீட்டர் பெல்ட் கிடைக்கும். கடைகளில் தோல் என்ற பெயரில் விற்கும் மலிவான பெல்ட்டுகளில் பல, தோல் துகள்களைப் பசையில் குழைத்து அழுத்தி, மேலே தோலின் சாயலை அச்சிட்டவை. நார்களின் பின்னல் அறுபட்ட அந்தப் பொருளால் ஒரு கிலோ எடையைச் சில மாதங்கள்கூடத் தாங்க முடியாது.

செயற்கைப் பொருள்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன. நைலான் நாடா இழுவிசையில் வலியது, ஆனால் முறுக்கத்தில் வலுவற்றது. அதனால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கெட்டியான பிளாஸ்டிக் பட்டையையோ மெல்லிய எஃகுத் தகட்டையோ வைத்துத் தைக்கிறார்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஓரளவு தளர்வது என்பதால், வியர்க்கும் நாட்டில் வேலையை உண்மையில் செய்வது அந்த நடுப்பட்டைதான். தோலைப் போல் உடலின் வடிவத்தைக் கற்கும் ஆற்றல் இவற்றுக்குக் குறைவு. ஆனால் நாளெல்லாம் மழையில் நிற்கும் காவலருக்கும், விலங்குத் தோலை விரும்பாதவருக்கும் இவை நல்ல தேர்வே.

இடுப்பு மட்டும் சுமப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை வரலாறும் அறிந்திருந்தது. பராக்பூரில் பிறந்து வங்காளப் படையில் பணியாற்றிய சாமுவேல் பிரவுன் என்ற குதிரைப்படை அதிகாரி, 1858 ஆகஸ்ட் 31 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் பகுதியில் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். வாளுறையை அசையாமல் பிடிக்கும் கை இல்லாதபோது, இடுப்புவாரின் எடையை வலத்தோளுக்கு மாற்றும் குறுக்குப் பட்டை ஒன்றை அவர் சேர்த்துக்கொண்டார் என்பது வழிவழிச் செய்தி. வலப்பக்கத்தில் கைத்துப்பாக்கிக்கு உறையும் அதில் இடம்பெற்றது. அவர் பெயரால் வழங்கும் அந்தப் பெல்ட்டை இந்திய உயர் காவல் அதிகாரிகளின் சடங்குச் சீருடையில் இன்றும் காணலாம். கைகலப்பில் எதிரி பற்றி இழுப்பதற்கு வாய்ப்பாக இருந்த அந்தக் குறுக்குப் பட்டை பிற்காலத்தில் பணிச்சீருடையிலிருந்து மறைந்தாலும், அது தீர்த்த சிக்கல் மறையவில்லை. சுவீடனிலும், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஓ க்ளேர் நகரிலும் காவலரிடம் நடந்த ஆய்வுகளுக்குப் பொருளானவை, கருவிகளின் ஒரு பகுதியை மார்புச் சட்டைக்கு மாற்றி எடையைத் தோள்களோடு பகிரும் அமைப்புகள். எட்டுக் கிலோவை எந்தப் பெல்ட்டாலும் இதமாக்க முடியாது. அங்கே எடையைப் பிரிப்பதுதான் தீர்வு. தனி ஒருவர் சுமக்கும் ஒரு கிலோவுக்கு நல்ல பெல்ட் போதும்.

பெல்ட்டின் நீளத்தைத் தேர்வதில் நேரும் பிழைகள் அதன் தரத்தையே வீணாக்கிவிடுகின்றன. கால்சட்டையில் அச்சிட்ட இடுப்பளவு உண்மையான சுற்றளவைக் காட்டுவது அரிது என்பதால், ஏற்கெனவே அணியும் பெல்ட்டில் பக்கிள் மடிப்பிலிருந்து பயன்படுத்தும் துளைவரை அளப்பதே நம்பத்தக்க வழி. கால்சட்டைக்கு உள்ளே செருகும் உறையை அணிபவர், துப்பாக்கியை அணிந்த நிலையிலேயே அளக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள பொருள் உள்ளே புகுந்தால் சுற்றளவு நாலைந்து சென்டிமீட்டர் கூடும். துளைகள் பொதுவாக ஓர் அங்குல இடைவெளியில் இடப்படுகின்றன. வயிறு உணவுக்குப் பின் விரிவதும், அமரும்போது முன்தள்ளுவதும் அந்த ஓர் அங்குலத்தைவிட நுட்பமானவை என்பதால், ஒரு துளை தொளதொளப்பாகவும் அடுத்தது மூச்சை முட்டுவதாகவும் அமைவது பலரின் அனுபவம். பற்கள் வழியே சிறிது சிறிதாக நகரும் ராட்செட் வகைப் பக்கிள்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நிலை என்று இந்தக் குறையைப் போக்குகின்றன. நெடுநேரம் வண்டி ஓட்டுவோருக்கு அவை தரும் நிம்மதி பெரிது, ஏனெனில் அமெரிக்க வாகனங்களில் இருக்கைப் பட்டையின் பூட்டு ஓட்டுநரின் வல இடுப்பருகே, அதாவது வலக்கைப் பழக்கமுள்ளவரின் துப்பாக்கி இருக்கும் அதே இடத்தில் வந்து முட்டுகிறது.

உறை பெல்ட்டில் அசையாமல் நிற்பது பாதுகாப்பின் நிபந்தனையும் ஆகும். ட்ரிக்கர் எனப்படும் விசைவில்லை முழுவதுமாக மூடும் உறையும், அந்த உறையைப் பற்றிக்கொள்ளும் பெல்ட்டும் சேர்ந்தே ஓர் அமைப்பு. உறையின் துளை பெல்ட்டின் அகலத்தைவிடப் பெரிதாக இருந்தால் உறை முன்னும் பின்னும் நழுவும். தளர்ந்த பெல்ட்டில் துப்பாக்கியை உருவும்போது உறையும் கூடவே எழும்பி வரலாம், திரும்பச் செருகும்போது வாய் கோணி, துணியின் மடிப்பு விசைவில்லோடு சிக்கலாம். கடையில் ஒரு பெல்ட்டைச் சோதிக்க இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்பிப் பார்ப்பதும், விளிம்பின் மேல் நிறுத்தி மேலிருந்து அழுத்தும்போது அது மடிகிறதா என்று காண்பதும், வெட்டுமுனையில் அடுக்குகளின் நார் தெரிகிறதா என்று நோக்குவதும் போதும். அணியத் தொடங்கிய பிறகு, உறை அமரும் இடத்தில் மேல்விளிம்பு வெளிப்பக்கம் நிரந்தரமாகச் சாய்ந்துவிட்டதா, பக்கிள் முள் நுழையும் துளை முட்டை வடிவாக நீண்டுவிட்டதா, தையல் அறுந்து அடுக்குகள் வாய் திறக்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். அடுக்குகள் பிரிந்த பெல்ட் மேலே சொன்ன எட்டு மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு இறங்கிவிட்ட பெல்ட். அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மீண்டும் ஒட்டித் தைத்து வாங்கலாம், ஆனால் நார்களே நகர்ந்து சாய்ந்துபோன வாரை எந்தத் தையலாலும் நிமிர்த்த முடியாது.